மனம் ஒப்பாதவர் விலகலாமா? தன்பாலினத் திருமணமும் மத மறுப்பும்: எந்த ஏற்பாடு எங்கே பொருந்தும்?

தன்பாலினத் திருமணம் சட்டமாகிவிட்ட ஒரு நாட்டில், மத நம்பிக்கையால் அதில் கை வைக்க மனம் வராத அரசு ஊழியரை என்ன செய்வது? கேக் கடைக்காரரை, போட்டோகிராபரை என்ன செய்வது? வெளிநாட்டில் வாழும் தமிழ் வாசகர்கள் இந்தக் கேள்வியை இரண்டு பக்கமிருந்தும் கேட்கிறார்கள். மேடை அலங்காரம், வீடியோ, கேட்டரிங் தொழில் செய்கிறவர்கள் "எனக்கு ஒப்பாது என்று சொல்ல உரிமை உண்டா?" என்கிறார்கள். மகனுக்கோ மகளுக்கோ தன்பாலினத் துணையோடு கல்யாணம் நிச்சயமான பெற்றோர், "போகிற இடத்தில் எங்களை நிற்க வைத்து அவமானப்படுத்தினால் என்ன செய்வது?" என்கிறார்கள். இரண்டுமே நியாயமான பயம். பல நாடுகள் இதற்குப் பலவிதமாக வழி தேடியிருக்கின்றன. அந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது உருப்படியானது என்று தெரியும்.

முதலில் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடுவோம். குருக்கள், பாதிரியார், இமாம் யாரும் இந்தக் கணக்கில் இல்லை. கனடாவின் 2005 சிவில் திருமணச் சட்டம், இங்கிலாந்து மற்றும் வேல்ஸின் 2013 சட்டம், அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் ஆகிய மூன்றுமே, தன் மதத்துக்கு ஒவ்வாத திருமணத்தை நடத்திவைக்கும்படி எந்த மதகுருவையும் கட்டாயப்படுத்த விடுவதில்லை. ஸ்கார்பரோ கோயில் குருக்களை வழக்குப் போட்டு மணவறையில் உட்கார வைக்க முடியாது. இந்தப் பயத்தைக் கிளப்பி வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்ப வேண்டாம். தகராறெல்லாம் அரசு அலுவலகத்திலும் கடைத்தெருவிலும்தான்.

## எதை வைத்து எடை போடுவது?

ஐந்து கேள்விகள் போதும்.

1. ஜோடி வந்த நாளில், வந்த இடத்தில் வேலை முடிகிறதா?
2. மறுப்பு அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லப்படுகிறதா?
3. மனம் ஒப்பாத ஊழியரின் பிழைப்பு போகிறதா?
4. ஒரே அலுவலகம், ஒரே அலுவலர் உள்ள சின்ன ஊரிலும் இந்த ஏற்பாடு நிற்குமா?
5. இதே விதியைச் சாதி மாறிய கல்யாணத்துக்கும், மதம் மாறிய கல்யாணத்துக்கும் நீட்டினால் என்ன ஆகும்?

இவற்றில் இரண்டாவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். கையில் மாலையோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் "உனக்குக் கிடையாது" என்று கேட்டவருக்கு, அடுத்த கவுண்ட்டரில் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தாலும் அந்தச் சொல் போகாது. ஐந்தாவதை நம்மவர்கள் எளிதில் மறந்துவிடுகிறோம். கலப்புத் திருமணம் பதிவு செய்யப் போய் அலைக்கழிக்கப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே குறைவில்லை.

## ஏற்பாடே இல்லாவிட்டால் என்ன ஆகும்: ரோவன் கவுண்ட்டி

2015 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓபர்கெஃபெல் வழக்கில் 5–4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. நாடு முழுக்கத் தன்பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று ஆனது. ஆனால் திருமண லைசென்ஸ் கொடுப்பது கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி) அலுவலகங்கள். கென்டக்கி மாநிலத்தில் மட்டும் 120 கவுண்ட்டிகள். அவற்றில் ஒன்றான ரோவன் கவுண்ட்டியின் கிளார்க் கிம் டேவிஸ். அங்கே கிளார்க் என்பது தேர்தலில் ஜெயித்து வரும் பதவி. அவருக்கு முன்பு அவருடைய தாயார் 37 ஆண்டுகள் அதே நாற்காலியில் இருந்தவர். தன் பெயர் அச்சிட்ட லைசென்ஸில் இரண்டு ஆண்களின் பெயர் வருவதை அவர் மனம் ஏற்கவில்லை. பாரபட்சம் என்று சொல்லக்கூடாதே என்பதற்காக ஆண்–பெண் ஜோடிகளுக்கும் சேர்த்து லைசென்ஸையே நிறுத்தினார்.

செப்டம்பர் 1 அன்று கேமராக்கள் சூழ, ஒரு ஜோடி கவுண்ட்டரில் நின்று "யாருடைய அதிகாரத்தில் மறுக்கிறீர்கள்?" என்று கேட்டது. "கடவுளின் அதிகாரத்தில்" என்றார் அவர். செப்டம்பர் 3-ல் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்குப் போனார், 8-ம் தேதி வெளியே வந்தார். அவர் உள்ளே இருந்தபோது, அவருக்குக் கீழ் வேலை பார்த்த ஆறு பேரில் ஐந்து பேர் லைசென்ஸ் கொடுக்கச் சம்மதித்தார்கள். மறுத்த ஒருவர் அவருடைய மகன்.

இந்தக் கடைசி விவரத்தைக் கவனியுங்கள். வேலையைச் செய்ய அந்த அலுவலகத்திலேயே ஐந்து பேர் தயாராக இருந்தார்கள். ஒழுங்கான ஏற்பாடு ஒன்று முன்கூட்டியே இருந்திருந்தால் யாரும் சிறைக்குப் போயிருக்க வேண்டாம், யாரும் கேமரா முன் கெஞ்சியிருக்கவும் வேண்டாம். விலகிக்கொள்வதோடு அவர் நிற்கவில்லை. தன் கீழுள்ளவர்களையும் கொடுக்கவிடாமல் தடுத்தார். மனச்சாட்சி அவருடையது, அலுவலகம் மக்களுடையது. வழக்கு உடைந்த இடம் அதுதான்.

செலவைப் பாருங்கள். முதல் வழக்கின் வக்கீல் கட்டணமாகச் சுமார் 2,25,000 டாலரை மாநில அரசு, அதாவது வரி கட்டும் மக்கள், கொடுக்க வேண்டியதாயிற்று. 2018 தேர்தலில் டேவிஸ் தோற்றார். 2023-ல் ஜூரி, மறுக்கப்பட்ட ஒரு ஜோடிக்குத் தலைக்கு 50,000 டாலர் நஷ்டஈடு விதித்தது. அதன் மேல் வக்கீல் கட்டணமாக 2,60,000 டாலருக்கு மேல் போட்டது நீதிமன்றம். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவை எடுக்கவே மறுத்தது. பத்து ஆண்டுகள்.

## அரசு ஊழியர்கள்: நான்கு வழிகள்

### 1. விலக்கே கிடையாது

இங்கிலாந்தும் பிரான்சும் இந்த வழியில் நிற்கின்றன. 2013-ல் திருமணச் சட்டம் வந்தபோது "மேயர்களுக்கு மனச்சாட்சி விலக்கு வேண்டும்" என்று கேட்ட வழக்கை பிரான்சின் அரசியல் சாசன மன்றம் தள்ளுபடி செய்தது. உலகில் முதலாவதாக 2001-ல் இந்தத் திருமணத்தைச் சட்டமாக்கிய நெதர்லாந்து, மறுக்கும் பதிவாளர்களைப் பல ஆண்டுகள் சகித்துக்கொண்டு, 2014-ல்தான் அத்தகையவர்களைப் புதிதாக நியமிக்கக்கூடாது என்று சட்டம் போட்டது.

இந்த வழியின் பலம் தெளிவு. யார் கவுண்ட்டரில் இருந்தாலும் வேலை நடக்கும், சின்ன ஊரிலும் நடக்கும், சாதி மதம் எதற்கும் சாக்கு கிடையாது. ஆனால் விலை ஒருவர் தலையில் மட்டும் விழுகிறது. லண்டன் இஸ்லிங்டன் நகராட்சியின் பதிவாளர் லில்லியன் லடேலின் கதை அது. அவர் வேலையில் சேர்ந்தபோது தன்பாலினத்தவருக்கு எந்தப் பதிவும் கிடையாது. 2005 டிசம்பரில் சிவில் பார்ட்னர்ஷிப் (தன்பாலின ஜோடிகளுக்குத் திருமணத்துக்கு நிகரான சட்டப் பதிவு) நடைமுறைக்கு வந்ததும், நகராட்சி தன் பதிவாளர்கள் அனைவரையும் அந்தப் பொறுப்பில் சேர்த்துவிட்டது. கொஞ்ச காலம் சக ஊழியர்களோடு முறை மாற்றிக்கொண்டு ஓட்டினார். தன்பாலீர்ப்பாளர்களான இரண்டு சக ஊழியர்கள், இது தங்களைப் புண்படுத்துகிறது என்று புகார் செய்தார்கள். ஒழுங்கு நடவடிக்கை வந்தது. முதலில் தீர்ப்பாயத்தில் ஜெயித்தார், பிறகு ஒவ்வொரு படியாகத் தோற்றார். 2013 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 5–2 என்று அவருக்கு எதிராகவே சொன்னது.

அந்த முழுக் காலத்திலும் இஸ்லிங்டனில் அவரால் ஒரு ஜோடிகூடத் திருப்பி அனுப்பப்படவில்லை. வேறு சில நகராட்சிகள் விருப்பமில்லாதவர்களை அந்தப் பட்டியலில் சேர்க்காமலேயே காரியத்தை நடத்தின. நகராட்சி செய்தது சட்டப்படி சரி என்பதை ஏற்றுக்கொண்டாலும், வேலை கேட்ட நாளில் இல்லாத கடமையைப் பின்னால் சுமத்தியதில் ஒரு கடுமை இருக்கிறது. அதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு மட்டும் விதி என்ற நெதர்லாந்து வழி, இந்த இடத்தில் கூடுதல் மனிதத்தன்மை உள்ளது.

### 2. எழுதிக் கொடுத்து விலகலாம்

தென்னாப்பிரிக்கா 2006-ல் சிவில் யூனியன் சட்டம் கொண்டுவந்தபோது, அதன் 6-வது பிரிவில் ஒரு கதவைத் திறந்து வைத்தது: திருமண அலுவலர் அமைச்சருக்கு எழுதிக் கொடுத்தால், ஒரே பாலின ஜோடிக்கு நடத்திவைப்பதிலிருந்து மட்டும் விலக்கு. கேட்கச் சின்ன விஷயம் போலத்தான் இருந்தது. காலப்போக்கில் உள்துறையின் திருமண அலுவலர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் விலகிக்கொண்டார்கள். பெருநகரத்தில் இருப்பவர்களுக்குப் பாதகமில்லை. சின்ன ஊர் அலுவலகத்தில் இருக்கும் ஒரே அலுவலர் விலகிவிட்டால், ஜோடி அடுத்த ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். காகிதத்தில் உரிமை இருந்தது, ஊரில் இல்லை. 2020-ல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கியது. நீக்கும்போதும் இரண்டு ஆண்டு இடைக்காலம் கொடுத்தது.

அமெரிக்காவின் வட கரோலினா 2015 ஜூனில், ஆளுநரின் வீட்டோவையும் மீறி, இதைச் சற்று மாற்றிச் செய்தது. விலகும் மாஜிஸ்திரேட் குறைந்தது ஆறு மாதத்துக்கு யாருடைய திருமணத்தையும் நடத்தக்கூடாது. ஆண்–பெண் ஜோடியாக இருந்தாலும் சரி. மாற்று ஆள் ஏற்பாடு செய்வது நீதித்துறை நிர்வாகத்தின் பொறுப்பு. தென்னாப்பிரிக்க விதியைவிட இது நியாயமானது. "இவர்களுக்கு மட்டும் மாட்டேன்" என்று பொறுக்கி எடுக்க முடியாது அல்லவா? ஆனாலும் மெக்டோவல் கவுண்ட்டியில் மாஜிஸ்திரேட்டுகள் அத்தனை பேரும் விலகிவிட்டார்கள். பக்கத்து ரதர்ஃபோர்ட் கவுண்ட்டியிலிருந்து ஆள் வந்து நடத்திக்கொடுக்க வேண்டியதாயிற்று. போக்குவரத்துச் செலவு பொதுப்பணம். அந்த ஊரில் கல்யாணம் செய்யும் எல்லோருக்கும் நேரமும் நாளும் சுருங்கின.

இந்த வழியில் எனக்குள்ள பெரிய கவலை, விலகுவது இலவசமாக இருப்பது. நிஜமாகவே மனம் கலங்கியவரும் விலகுவார், வேலைப்பளு குறையட்டும் என்பவரும் விலகுவார், அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று பயந்தவரும் விலகுவார். எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு வைக்காத விலக்கு, கடைசியில் அலுவலகத்தையே காலி செய்துவிடும்.

### 3. உள்ளேயே ஆள் மாற்றிக்கொள்வது

இதில் ஜோடிக்கு எதுவும் தெரியாது. விண்ணப்பம் ஒரு பொது இடத்துக்கு வரும். யாருக்கு எந்த நாள் எந்த வேலை என்பதை நிர்வாகம் பின்னால் முடிவு செய்யும். மனம் ஒப்பாதவர் முன்பே நிர்வாகத்திடம் சொல்லியிருப்பார். அவர் முறை அந்த விண்ணப்பத்துக்கு வராது.

கனடாவின் சஸ்காச்சுவன் மாநிலத்தில் இந்த யோசனை நீதிமன்றத்திலேயே எழுந்தது. 2005-ல் ஆர்வில் நிக்கோல்ஸ் என்ற திருமணக் கமிஷனர், தொலைபேசியில் தேதி கேட்ட ஒருவரிடம், மணமக்கள் இரண்டு பேரும் ஆண்கள் என்று தெரிந்ததும் மறுத்தார். அவர்களுக்கு வேறு ஆள் கிடைத்தார், கல்யாணமும் நடந்தது. ஆனாலும் மனித உரிமைத் தீர்ப்பாயம் அவருக்கு 2,500 டாலர் விதித்தது. பிறகு மாநில அரசு, கமிஷனர்களுக்கு விலக்குத் தரும் இரண்டு மசோதாக்களை எழுதி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. 2011 ஜனவரியில் ஐந்து நீதிபதிகளும் இரண்டுமே செல்லாது என்றார்கள். கூடவே, எல்லா விண்ணப்பமும் ஒரே வாசல் வழியாக வந்து, ஆளைப் பின்னணியில் ஒதுக்கும் முறை உரிமையைக் குறைவாகப் பாதிக்கும் என்றும் எடுத்துக்காட்டினார்கள்.

அமெரிக்காவின் யூட்டா 2015 மார்ச்சில் இதற்கு நெருங்கிய ஒன்றைச் சட்டமாக்கியது. ஒவ்வொரு கவுண்ட்டி கிளார்க் அலுவலகமும், லைசென்ஸ் உள்ள எந்த ஜோடிக்கும் வேலை நேரத்தில் திருமணம் நடத்திவைக்கச் சம்மதமுள்ள ஒருவரை வைத்திருக்க வேண்டும். கிளார்க்காகவே இருக்கலாம், அவர் நியமிப்பவராகவும் இருக்கலாம். மார்மன் சபையின் செல்வாக்கு மிகுந்த மாநிலம் அது. வேலையிலும் வாடகை வீட்டிலும் தன்பாலீர்ப்பாளர்களிடம் பாரபட்சம் காட்டக்கூடாது என்ற சட்டத்தை அதே மாதம் அந்தச் சபையின் ஆதரவோடு நிறைவேற்றியது. இரண்டு தரப்பும் ஏதோ ஒன்றைப் பெற்று, ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்த பேரம். கடைகள் அந்தப் பேரத்தில் சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மூன்றாவது வழியின் மறைந்த செலவு சக ஊழியர்கள் மேல் விழுகிறது. பத்து பேரில் மூன்று பேர் விலகினால் மற்ற ஏழு பேர் அந்தச் சுமையைத் தூக்குகிறார்கள். அவர்களில் ஒருவர் தன்பாலீர்ப்பாளராகவும் இருக்கலாம், பக்கத்து மேஜையில் இருப்பவர் எதற்காக முறை மாற்றுகிறார் என்று தினமும் தெரிந்துகொண்டே வேலை பார்ப்பார். இஸ்லிங்டனில் வெடித்தது இதுதான். ஆக இந்த வழிக்கு இரண்டு நிபந்தனை வேண்டும்: ஒவ்வொரு அலுவலகத்திலும் சம்மதமுள்ள ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும், அதற்கு ஆள் இல்லாத நாளில் விலக்கும் இல்லை.

### 4. சடங்கிலிருந்து அரசு ஊழியரையே எடுத்துவிடுவது

அலபாமாவில் 2015-க்குப் பிறகு சில கவுண்ட்டிகளில் திருமண லைசென்ஸ் கொடுக்கும் பொறுப்பிலிருந்த புரோபேட் நீதிபதிகள், யாருக்குமே லைசென்ஸ் கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். நாலு ஆண்டு இழுபறிக்குப் பின் 2019 ஆகஸ்ட் 29 முதல் மாநிலம் லைசென்ஸையே ஒழித்தது. ஜோடி ஒரு படிவத்தை நிரப்பி, நோட்டரி முன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்; நீதிபதி அதைப் பதிவு செய்கிறார், அவ்வளவுதான். அவர் அனுமதிக்கவும் இல்லை, ஆசி கூறவும் இல்லை. கென்டக்கியும் 2016-ல் லைசென்ஸ் படிவத்திலிருந்து கிளார்க்கின் பெயரை எடுத்தது. அதே ஒரு வரியை ஓராண்டு முன்னால் செய்திருக்கலாமே என்று இன்றும் தோன்றுகிறது.

திருமணத்துக்கு நடத்திவைப்பவர் ஒருவர் கட்டாயம் என்ற எண்ணத்தைத் தமிழ்நாடு 1967-லேயே தாண்டியது. இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லும்படி ஆக்கியபோது, புரோகிதர் தேவையில்லை என்று ஆனது. அதனால் இந்த நான்காவது வழி நமக்கு விசித்திரமாகப் படாது.

இதன் இழப்பு, நீதிமன்ற மாடியில் நீதிபதி முன் நின்று வாழ்த்துப் பெற விரும்பும் ஏழை ஜோடிக்கு அந்தச் சின்னச் சடங்கு உறுதியாகக் கிடைக்காமல் போவது. எல்லோருக்கும் சமமாகப் போகிறது என்பது ஆறுதல். ஆனால் சிலரோடு சேர்த்துக் கொடுக்க மனமில்லாமல் எல்லோரிடமிருந்தும் எடுத்துக்கொண்டது போன்ற ஒரு கசப்பும் அதில் உண்டு.

| வழி | ஜோடிக்கு | ஊழியருக்கு | மறைந்த செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| விலக்கில்லை | வேலை உறுதி | வேலையை விட நேரலாம் | பழைய ஊழியர்கள் மேல் கடுமை | ஒரே அலுவலர் உள்ள ஊர். புதிய நியமனம் |
| எழுதிக் கொடுத்து விலகல் | ஊரைப் பொறுத்தது | எளிது | அலுவலகமே காலியாகலாம் | உச்ச வரம்போடு மட்டும் |
| உள்ளே ஆள் மாற்றம் | எதுவும் தெரியாது, வேலை முடியும் | பிழைப்பு நிற்கும் | சக ஊழியர் சுமை, மனத்தாங்கல் | ஆள் பலம் உள்ள அலுவலகம் |
| பதிவு மட்டும் | சமம், சடங்கு குறைவு | பிரச்சினை தீரும் | எல்லோரும் ஒன்றை இழப்பது | பிடிவாதம் முற்றிய மாநிலம் |

என் தேர்வு மூன்றாவது. அது முடியாத இடத்தில் முதலாவது.

## கடைகள்: மூன்று வழிகள்

கடை, அரசு அலுவலகம் போல் அல்ல. லைசென்ஸுக்கு வேறு வாசல் கிடையாது. கேக்குக்கு அடுத்த தெருவில் கடை உண்டு. "அப்படியானால் மறுத்துவிட்டுப் போகட்டுமே" என்று சொல்வது சுலபம். ஆனால் 1960-களில் தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்ற உணவகத்தின் உரிமையாளர், கறுப்பர்களோடு கலப்பது தன் மதத்துக்கு விரோதம் என்று வாதிட்டார். 1968-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை அற்பமானது என்று ஒதுக்கித் தள்ளியது. அந்த ஊரிலும் வேறு உணவகங்கள் இருந்தன.

### 1. எல்லா வாடிக்கையாளரும் ஒன்று

நியூ மெக்ஸிகோவில் ஒரு போட்டோ நிறுவனம் இரண்டு பெண்களின் இணைப்பு விழாவைப் படமெடுக்க மறுத்தது. 2013-ல் மாநில உச்ச நீதிமன்றம், பொதுமக்களுக்குக் கடை திறந்தால் எல்லோருக்கும்தான் திறக்க வேண்டும் என்று ஒருமனதாகச் சொன்னது. அதே ஆண்டு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், கார்ன்வாலில் சிவில் பார்ட்னர் ஜோடிக்கு இரட்டைக் கட்டில் அறை தர மறுத்த விடுதி உரிமையாளர்களுக்கு எதிராக, தலைக்கு 1,800 பவுண்டு நஷ்டஈட்டை உறுதி செய்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் ஆர்லீன்ஸ் ஃபிளவர்ஸ் வழக்கு இந்த வழியின் வலியைக் காட்டுகிறது. பூக்கடைக்காரப் பெண்மணி அந்த வாடிக்கையாளருக்கு, அவர் தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்தே, ஏறக்குறைய ஒன்பது ஆண்டு பூ விற்றவர். 2013-ல் அவர் கல்யாணத்துக்குப் பூ கேட்டபோது மறுத்தார். ஒரு பக்கம், வெறுப்பு இல்லாத மறுப்பு. மறு பக்கம், ஒன்பது ஆண்டு தன் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் பூ வாங்கிய கடையில் தன் வாழ்க்கையின் பெரிய நாளுக்கு மட்டும் இல்லை என்று கேட்டவரின் மனம். 2021-ல் அவர் 5,000 டாலர் கொடுத்து வழக்கு முடிந்தது. எட்டு ஆண்டு வழக்கின் வலிக்கு அந்தத் தொகை ஒரு அளவே அல்ல.

### 2. ஆளை மறுக்கக்கூடாது, வாசகத்தை மறுக்கலாம்

பெல்ஃபாஸ்ட் நகரின் ஆஷர்ஸ் பேக்கரியில் 2014 மே மாதம் ஒருவர் 36.50 பவுண்டு கொடுத்து ஒரு கேக் ஆர்டர் செய்தார். மேலே "தன்பாலினத் திருமணத்தை ஆதரிப்போம்" என்ற வாசகம் வேண்டும். பேக்கரி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கீழ் நீதிமன்றம் 500 பவுண்டு விதித்தது. 2018 அக்டோபரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அதைத் திருப்பிப் போட்டார்கள். அந்த வாசகத்தை யார் கேட்டிருந்தாலும் பேக்கரி மறுத்திருக்கும். அதே ஆளுக்கு வேறு கேக் மகிழ்ச்சியாகக் கொடுத்திருக்கும். ஆகவே மறுக்கப்பட்டது வாசகம், ஆள் அல்ல. தீர்ப்பை எழுதியவர் அன்று அந்த நீதிமன்றத்தின் தலைவராக இருந்த லேடி ஹேல்.

ஒன்டாரியோ இதே கோட்டை 2002-லேயே போட்டுவிட்டது. டொராண்டோவின் அச்சகக்காரர் ஸ்காட் ப்ராக்கி, கனடாவின் தன்பாலீர்ப்பாளர் ஆவணக் காப்பகத்துக்கு லெட்டர்ஹெட் அடிக்க மறுத்து 5,000 டாலர் கட்டும்படி ஆனது. மேல்முறையீட்டில் நீதிமன்றம் சொன்னது: முகவரிக் காகிதமும் கவரும் அடித்தே ஆகவேண்டும், ஆனால் மத நம்பிக்கையின் அடிப்படையோடு நேராக மோதும் பிரசுரங்களை அடிக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்க் கடைக்காரர்கள் நிறையப் பேர் வாழும் மாநிலம் என்பதால் இந்தத் தீர்ப்பை அழுத்திச் சொல்கிறேன்.

அமெரிக்கா இந்தக் கோட்டை இன்னும் தள்ளிப் போட்டிருக்கிறது. 2018-ல் கொலராடோவின் மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப் வழக்கில் 7–2 என்று, தன்பாலின ஜோடிக்குக் கல்யாணக் கேக் செய்ய மறுத்த கடைக்காரர் ஜெயித்தார், ஆனால் காரணம் குறுகியது: விசாரித்த ஆணையம் அவர் மதத்தை இளக்காரமாகப் பேசியது. 2023 ஜூனில் 303 கிரியேட்டிவ் என்ற வெப்சைட் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6–3 என்று, கல்யாண வெப்சைட் வடிவமைப்பது பேச்சுரிமைக்குள் வரும், பிடிக்காத பேச்சைப் பேசும்படி அரசு கட்டாயப்படுத்த முடியாது என்றது. வெப்சைட் பேச்சு என்றால் போட்டோ? மருதாணி? மணவறை அலங்காரம்? எங்கே நிற்கும் என்று தீர்ப்பு சொல்லவில்லை. அந்த மங்கலின் செலவை இனி வரும் வழக்காளிகள் கட்டுவார்கள். இரண்டு பெயர்களை மட்டும் மாற்றிப் போடும் அழைப்பிதழ் வெப்சைட்டில் ஆள் எங்கே முடிகிறார், வாசகம் எங்கே தொடங்குகிறது? ஆஷர்ஸ் தீர்ப்பில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது, இதில் தெரியவில்லை.

### 3. மதம் என்றால் போதும்

மிசிசிப்பி 2016-ல் கொண்டுவந்த சட்டம் மிக அகலமானது. திருமணம் ஒரு ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் மட்டுமே என்று நம்புகிறவர்கள், திருமணம் சார்ந்த மண்டபம், கேக், பூ, வாடகைக் கார் வரை மறுக்கலாம். நேர்மாறான நம்பிக்கை உள்ளவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கீழ் நீதிமன்றம் தடுத்தது, மேல் நீதிமன்றம் வழக்குப் போட்டவர்களுக்குத் தகுதியில்லை என்று தடையை நீக்கியது, 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

2019-ல் அதே மாநிலத்தில் ஒரு கல்யாண மண்டபம், கறுப்பின மாப்பிள்ளைக்கும் வெள்ளையினப் பெண்ணுக்கும் இடம் தர மறுத்தது. காரணம் கேட்டபோது கிறிஸ்தவ நம்பிக்கை என்றார்கள். மிசிசிப்பிச் சட்டம் இனத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் "என் மதம்" என்று சொன்னால் வாசலை மூடலாம் என்ற பழக்கம், சட்டம் வரைந்த கோட்டுக்குள் அடங்கிக் கிடக்காது. வீடியோ பரவியதும் மண்டபத்தார் மன்னிப்புக் கேட்டார்கள். ஐந்தாவது கேள்வியில் இந்த வழி தோற்கிறது. இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

## யாருக்கு எது?

இரண்டாவது வழியின் ஆஷர்ஸ் வடிவத்தைத்தான் கடைகளுக்குச் சரியென்று நினைக்கிறேன். தொழிலில் அதை எப்படிப் பொருத்துவது?

மண்டபம், நாற்காலி, சாப்பாடு, வேன், பூ, ஒலிபெருக்கி: இவற்றில் வாசகம் ஏதும் இல்லை. மறுக்க இடமே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இட்லிக்கும் சாம்பாருக்கும் கொள்கை கிடையாது. பேனர், அழைப்பிதழ், மேடை வாசகம், பாட்டு எழுதுவது: இவற்றில் எழுத மாட்டேன் என்ற பட்டியலை முதலிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது எந்த வாடிக்கையாளர் வந்தாலும் ஒன்றாக இருக்க வேண்டும். "அரசியல் கட்சி வாசகமும் மதப் பிரசார வாசகமும் எழுதுவதில்லை" என்பது செல்லும். ஆண்–பெண் ஜோடிக்கு "இனிய இல்லறம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு பெண்களுக்கு அதே சொல்லை மறுப்பது ஆளை மறுப்பது.

போட்டோவும் வீடியோவும் நடுவில் நிற்கின்றன. ஒன்டாரியோவிலோ இங்கிலாந்திலோ தொழில் செய்கிறவர் மறுத்தால் தோற்பார் என்றே கணக்கிட வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மனம் கேட்கவில்லை என்றால், எல்லாக் கல்யாண ஆர்டரையும் விட்டுவிட்டுப் பிறந்தநாள், பூப்புனித விழா, விளம்பரப் படம் என்று நகர்ந்தவர்களுக்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது. வருமானம் குறையும். மனச்சாட்சிக்கு விலை உண்டென்றால் அதை வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் தானே கொடுப்பதுதான் அதற்கு மரியாதை என்பது என் கருத்து.

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு: முறை வரும் நாளுக்கு முன்பே மேலதிகாரியிடம் எழுத்தில் சொல்லுங்கள், மாற்று ஏற்பாடு கேளுங்கள். கவுண்ட்டரில் ஜோடியைப் பார்த்த பிறகு சொல்வது மேலே பார்த்த வழக்குகளில் எடுபடவில்லை. கீழே வேலை செய்கிறவர்களைத் தடுப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

பெற்றோருக்கு: முன்பணம் கொடுப்பதற்கு முன் மணமக்கள் இருவர் பெயரையும் சொல்லி, ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். முகூர்த்த நாள் நெருங்கும்போது ஒருவர் பின்வாங்குவதுதான் குடும்பத்தை உடைக்கும் அடி. அது முதல் நாளே தெரிந்துவிட்டால் வேறு ஆள் பார்க்கலாம். அப்படியும் மறுக்கப்பட்டால், மறுத்தவர் சொன்ன சொல்லை அன்றைக்கே எழுதி வையுங்கள். ஒன்டாரியோவில் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போக ஓராண்டுதான் அவகாசம்.